தாழ்ந்த நிலம் தொழிலாளிக்கா?

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரை நாம் நாள்தோறும் சொல்கிறோம். கோயிலுக்குப் போகிறோம், தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போகிறோம், தோட்டத்தில் கிடைக்காத சாமானுக்கெல்லாம் அங்கேதான் போகிறோம். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டவர் நம்மில் மிகச் சிலரே.

1881-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் ஓர் ஈயச் சுரங்கப் பட்டணம். வீடுகளுக்கு அத்தாப்புக் கூரை, மரச் சுவர். அவ்வாண்டு முதலில் தீ வந்து பட்டணத்தை எரித்தது. பின்னர் வெள்ளம் வந்து மிச்சத்தைக் கொண்டுபோயிற்று. அடுத்த ஆண்டில் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பதவியேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிப் பட்டணத்துக் கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப்பட வேண்டும் என்று விதி செய்தார். விதி செய்தால் செங்கல் வேண்டுமே! கிள்ளான் ஆற்றுக்குப் பக்கத்தில் சூளைகள் எழுந்தன. செங்கல் அறுத்த இடம் பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. ரயில்வேயில் உழைத்த நம் முன்னோர் அங்கே குடியேறியது அதற்குப் பின்னர்தான்.

ஆக, அந்த ஊரின் பெயரே நமக்கு ஒரு பாடமாக இருக்கிறது. ஆபத்து வந்த பின் அழுது ஓய்ந்துவிடாமல், அடுத்த ஆபத்து வருமுன் எங்கே கட்டலாம், எதனால் கட்டலாம் என்று ஆட்சியிலிருப்பவர் விதி செய்ய முடியும். மனம் வைத்தால் அதை நடத்தியும் காட்ட முடியும். 140 ஆண்டுகளுக்கு முன் பட்டணத்துக் கடைக்காரருக்குச் செய்த அந்தக் காரியத்தை, இன்று ஆற்றோரத்திலும் மலைச் சரிவிலும் பள்ளத்திலும் குடியிருக்கும் தொழிலாளிக்கு யார் செய்வது? இக்கேள்வியையே இன்று நம் அங்கத்தினர் முன் வைக்கிறோம்.

மழைப் புத்தகத்தில் இல்லாத கட்டம்

தோட்டத்துக் கிராணிமார் நாள் தவறாமல் செய்யும் வேலைகளில் மழை அளப்பதும் ஒன்று. ஆபீசுக்கு முன்னால் புல்தரையில் இருக்கும் மழைமானியைக் காலையில் எடுத்து, அதில் உள்ள நீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்து, புத்தகத்தில் பதிந்து வைக்கிறோம். எதற்காக? மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாள் எத்தனை என்பது கம்பெனிக்குத் தெரிந்தாக வேண்டும். பெய்த மழையால் லயத்தில் இருப்பவன் வீடு என்ன ஆயிற்று என்று எழுத அந்தப் புத்தகத்தில் கட்டம் கிடையாது.

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. முதல் நாளிலிருந்து விடாமல் பெய்த மழையை அளக்க அன்று ஒரு குவளை போதவில்லை. நிரப்பி, எழுதி, கொட்டி, மீண்டும் நிரப்ப வேண்டியிருந்தது. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கோலாலம்பூரில் பெய்துவிட்டது என்று அதிகாரிகள் சொன்னார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கு நீரில் மூழ்கியது. ஷா ஆலாமின் 25-ஆம் பிரிவில், கிள்ளான் ஆற்றோரம் இருக்கும் தாமான் ஸ்ரீ மூடாவில் கீழ்த்தளங்கள் மூழ்கி, மக்கள் மாடியிலும் கூரையிலும் ஏறி நின்று படகுக்குக் காத்திருந்ததை நாடே பார்த்தது. பலரை மீட்டவர்கள் அண்டை அயலாரும், சொந்தப் படகு கொண்டுவந்த தொண்டர்களுமே. அந்தப் பருவமழை வெள்ளத்தில் நாடெங்கும் 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாட்டின் மொத்த நஷ்டம் 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவர இலாகா கணக்கிட்டது. அதில் சிலாங்கூரின் பங்கு மட்டும் 310 கோடி, அதாவது பாதி.

கோடிக் கணக்கை விட்டு ஒரு வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். நாம் அறிந்த ஓர் அம்மாள், முப்பது ஆண்டு பால்வெட்டியவர். தோட்டம் மூடப்பட்ட பின், கணவரின் சேமநிதிப் பணத்தைப் போட்டு ஆற்றோரத் தாமான் ஒன்றில் கீழ்த்தள வீடு வாங்கினார். விலை மலிவு என்பதால் வாங்கினார். மலிவாக இருந்ததன் காரணத்தை விற்றவர் யாரும் சொல்லவில்லை. வெள்ளம் வடிந்த பின் நாம் போய்ப் பார்த்தபோது, அவர் கட்டிலையோ குளிர்பெட்டியையோ பற்றிப் பேசவில்லை. பிறப்புப் பத்திரங்களையும் கணவரின் மரணச் சான்றிதழையும் கொடியில் ஒவ்வொன்றாகக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். "தம்பி, தோட்டத்துல இருந்தப்ப மழை பேஞ்சா வேலைதான் இல்ல. இங்க மழை பேஞ்சா வீடே இல்ல" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது?

செய்தது உண்டு, யாருக்குச் செய்தது?

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். 1926-இல் பெருவெள்ளம் வந்தது. 1932-இல் வடிகால் நீர்ப்பாசன இலாகா ஏற்பட்டது. 1958-இல் கிள்ளான் கேட்ஸ் அணை கட்டப்பட்டது. 1971 ஜனவரியில் கோலாலம்பூரை மீண்டும் வெள்ளம் சூழ்ந்தபின், 1972-இல் பேரிடர் உதவிக் குழு அமைக்கப்பட்டது. 1997-இல் தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் உத்தரவுப்படி மத்தியிலும் மாநிலத்திலும் மாவட்டத்திலும் பேரிடர்க் குழுக்கள் ஏற்பட்டன. 2007-இல் சுமார் 190 கோடி வெள்ளிச் செலவில் ஸ்மார்ட் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. 2015-இல் நட்மா என்னும் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம் பிறந்தது.

இவற்றைக் கூர்ந்து பார்த்தால் ஓர் உண்மை தெரியும். பாதி ஏற்பாடுகள் வெள்ளம் வந்த பின் உதவி செய்வதற்கு. மீதியில் பெரும் செலவு நகரின் நடுப்பகுதியைக் காப்பதற்கு. ஸ்மார்ட் சுரங்கம் நகருக்கு மேலே வெள்ளத்தைப் பிடித்து, நகரைத் தாண்டிக் கீழே விடுகிறது. பட்டணம் பிழைக்கிறது, அதற்கு நன்றி. கீழே ஆற்றோரத்தில் இருப்பவனின் கதி என்ன?

நீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்க வேண்டும். 1952-இல் பெட்டாலிங் ஜெயா எழுந்தது 1,200 ஏக்கர் எஃபிங்ஹாம் ரப்பர்த் தோட்டத்தில். ஷா ஆலாம் எழுந்தது சுங்கை ரெங்கம் தோட்டத்தில். சுபாங் ஜெயா எழுந்தது சீபீல்ட் தோட்டத்தில். கிள்ளான் பள்ளத்தாக்கின் நகரங்களில் பல, நம்மவர் பால்வெட்டிய மண்ணின் மேல்தான் நிற்கின்றன. தோட்டமாக இருந்தபோது அந்த மண் மழையைக் குடித்தது. ஆரம்ப காலத்தில் களை ஒன்றில்லாமல் தரையைச் சுரண்டி வைத்த தோட்டங்களும், ஈயச் சுரங்கங்களும் ஆறுகளில் மண்ணைக் கொட்டியது உண்மைதான். அந்தத் தவறை உணர்ந்த பிறகே படிக்கட்டு வெட்டியும், மண் தங்கும் குழி வெட்டியும், மூடுபயிர் போட்டும் நீரை நிறுத்தக் கற்றார்கள். அந்தக் குழிகளை வெட்டியவர்கள் நம் தாத்தா பாட்டிமார்கள். இன்று அதே மண்ணை சிமெண்டும் தாரும் மூடிவிட்டன. விழுந்த நீர் நிற்க இடமின்றி லோங்காங்குகளின் வழியே ஆற்றுக்கு ஓடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கரில் 100 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது சுமார் 4 லட்சம் லிட்டர். எஃபிங்ஹாம் போன்ற 1,200 ஏக்கரில் சுமார் 48 கோடி லிட்டர். ஸ்மார்ட் அமைப்பு பிடித்து வைக்கக் கூடியது 30 லட்சம் கனமீட்டர், அதாவது 300 கோடி லிட்டர். அத்தகைய ஆறு தோட்டங்களை முழுவதும் மூடி, அவற்றின் மழையைத் தரை குடிக்காமல் விட்டுவிட்டால், 190 கோடி வெள்ளிச் சுரங்கம் ஒரு மழைக்கு நிரம்பிவிடும். சுரங்கம் வேண்டாம் என்பது நம் வாதமல்ல. எந்த நிலத்தை எவ்வளவு மூடலாம் என்று நகராண்மைக் கழகத்தின் மேசையில் போடும் கையெழுத்து, எந்தச் சுரங்கத்தையும்விடப் பெரிய வெள்ளத் தடுப்பு என்பதே நம் வாதம்.

லயத்தை அங்கே கட்டியது யார்?

வெள்ளத்தைப் போன்றதே நிலச்சரிவும். தோட்டத் தொழிலாளி தன் வீட்டுக்கு இடம் தேர்ந்தெடுத்தவன் அல்லன். துரை காட்டிய இடத்தில் லயம். லயத்தில் கிடைத்த கதவுக்குள் குடும்பம். இலங்கையில் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29-ஆம் தேதி காலையில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தமிழரின் லயங்களைப் புதைத்தது. அந்த இடம் அபாயமானது என்று அந்நாட்டுக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது; மாற்று வீடு மட்டும் வரவில்லை. கேரளத்தில் மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு லயங்கள் மண்ணில் மூடி 70 பேர் போனார்கள். அவர்களும் தமிழ்த் தொழிலாளர்களே. எந்தக் கொடியின் கீழ் இருந்தாலும் நம்மவருக்கு ஒதுக்கப்பட்ட நிலம் ஒரே மாதிரியாக இருப்பதைப் பாருங்கள்!

இங்கே மட்டும் என்ன? 1993 டிசம்பர் 11-ஆம் தேதி, அம்பாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள் அல்லர், வசதியாக வாழ்ந்தவர்கள். வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 2006-இல் கூட்டரசு நீதிமன்றம், 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் தரும் பாதுகாப்பினால் நகராண்மைக் கழகத்தின் மீது பொறுப்புச் சுமத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. வக்கீல் வைத்து வழக்காடத் தெரிந்த வசதியுள்ளவர்களுக்கே இந்தக் கதி என்றால், பத்திரங்களைக் கொடியில் காயப் போட்ட அம்மாளுக்கு என்ன கதி?

சரி, வழக்குப் போட முடியாவிட்டால் ஓட்டுப் போட்டு மாற்றலாமே என்பீர்கள். அந்த வழியும் இல்லை. ஊராட்சி மன்றத் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தி வைக்கப்பட்டன. அப்போது அமைந்த அரச விசாரணைக் கமிஷனுக்குத் தலைமை வகித்தவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். ஊராட்சி மன்றங்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பதே கமிஷனின் சிபாரிசு. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் நியமன முறையையே நிலைநிறுத்தியது. எனவே நம் வீட்டுக்கு மேலே இருக்கும் குன்றை வெட்டலாம் என்று அனுமதி கொடுக்கும் மன்றத்தை நாம் தேர்ந்தெடுப்பதும் இல்லை, விலக்குவதும் இல்லை.

மிஞ்சியிருக்கும் ஒரே வாசல்

பிறகு என்னதான் இருக்கிறது? ஒரே ஒரு வாசல் இருக்கிறது. அது வெள்ளத்துக்கு முன்னே திறந்து, சில வாரங்களில் மூடிக்கொள்ளும் வாசல். 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டச் சட்டத்தின்படி, ஊராட்சி மன்றம் தன் உள்ளூர்த் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, கருத்தும் ஆட்சேபமும் கேட்க வேண்டும். கோலாலம்பூருக்கு 1982-இல் தனிச் சட்டம் வந்தது, அங்கும் இப்படியே. 2040 வரைக்குமான கோலாலம்பூர் உள்ளூர்த் திட்ட வரைவு 2024 தொடக்கத்தில் மக்கள் முன் வைக்கப்பட்டு, 2025-இல் அரசிதழில் வெளியாயிற்று. எந்த நிலம் திறந்த வெளி, எந்த நிலம் கட்டடம், எங்கே எத்தனை மாடி என்று இதில்தான் எழுதப்படுகிறது. நம் அங்கத்தினரில் எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? நெஞ்சில் கைவைத்துச் சொல்ல வேண்டும்.

இந்த வாசலிலும் ஒரு குறை உண்டு. உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒருவர் கட்டட அனுமதி கேட்டால், பக்கத்து நிலத்தின் சொந்தக்காரருக்கு நோட்டீசு அனுப்ப வேண்டும். அவர் 21 நாளில் ஆட்சேபிக்கலாம் என்று 1976 சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. சொந்தக்காரருக்குத்தான்! லயத்தில் இருப்பவனுக்கு நிலம் இல்லை. வாடகை அடுக்குமாடியில் இருப்பவளுக்கு நிலம் இல்லை. நோட்டீசு தோட்டக் கம்பெனிக்குப் போகும். நீர் மட்டும் தொழிலாளியின் வீட்டுக்கு வரும். இது நியாயமா?

ஆட்சேப மனு எழுதி என்ன பயன், குப்பைத் தொட்டிக்குத்தானே போகும் என்று சலித்துக்கொள்வோருக்கு ஒன்று சொல்வோம். தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் ரிம்பா கியாரா பூங்கா நிலத்தில் உயர்ந்த அடுக்குமாடிகள் கட்ட அனுமதி தரப்பட்டதை எதிர்த்து மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2023 ஏப்ரல் 18-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்துச் செய்தது. அமைப்புத் திட்டம் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஆவணம். காரணம் காட்டாமல் அதிலிருந்து விலக முடியாது என்றது நீதிமன்றம். திட்டத்தில் எழுதியது வெறும் காகிதமல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அதே இடத்தில்தான் பழைய புக்கிட் கியாரா ரப்பர்த் தோட்டத்தின் நம் மக்கள், ரூமா பாஞ்சாங்கில் நிரந்தர வீட்டுக்காகப் பல பத்தாண்டுகள் காத்திருந்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். பூங்கா காக்கப்படுவதும், அவர்கள் வீடு பெறுவதும் ஒன்றுக்கொன்று பகையானவை அல்ல. இரண்டையும் சேர்த்து வைப்பதற்குப் பெயர்தான் திட்டம்.

இது நூறாண்டுக்கு ஒரு முறை வரும் மழை, இதற்காக இவ்வளவு செலவா என்று சிலர் கேட்கிறார்கள். நூறாண்டு மழை என்றால் இன்னும் நூறாண்டு கழித்து வரும் என்று பொருளல்ல. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. வீட்டுக் கடனை 30 ஆண்டு கட்டும் தொழிலாளிக்கு, கடன் தீருமுன் அது ஒரு முறையேனும் வருவதற்கு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. கடல் சூடேறி, மழையின் போக்கே மாறிவரும் இக்காலத்தில் அந்தப் பழைய கணக்கையும் நம்பியிருக்க முடியாது. செலவைப் பற்றிப் பேசுவோர், சிலாங்கூர் மட்டும் இழந்த 310 கோடி வெள்ளியையும் செலவில் சேர்த்துப் பேசட்டும்.

நாம் கேட்பவை

ஒன்று: கிள்ளான் பள்ளத்தாக்கின் ஒவ்வோர் ஊராட்சி மன்றமும், வெள்ளம் நின்ற உயரத்தையும் அபாயச் சரிவுகளையும் தன் திட்ட வரைபடத்தில் குறித்து, தமிழ் உட்பட மக்கள் படிக்கும் மொழிகளில் அடுக்குமாடிகளிலும் தோட்டங்களிலும் ஒட்ட வேண்டும். வீடு விற்பவர் அதை வாங்குபவரிடம் காட்ட வேண்டும்.

இரண்டு: தோட்ட நிலத்தை வீட்டு நிலமாக மாற்றும்போது, மாற்றத்துக்குப் பின் அங்கிருந்து ஓடும் நீர் முன்பு ஓடியதைவிட அதிகமாகக் கூடாது. மழைநீரைத் தேக்கிவிட வேண்டும் என்ற வடிகால் இலாகாவின் கையேடு 2001 முதலே இருக்கிறது. அதை ஏட்டில் வைக்காமல் நிலத்தில் காட்ட வேண்டும். தேக்கக் குளத்தைப் பிறகு வேறு காரியத்துக்கு மாற்றக் கூடாது. தொழிலாளிக்குத் தரும் மாற்று வீடு, அந்த நிலத்தின் பள்ளமான மூலையில் இருக்கக் கூடாது.

மூன்று: பக்கத்து நிலத்தின் சொந்தக்காரருக்குப் போகும் நோட்டீசு, அங்கே குடியிருப்பவருக்கும் போகும்படி சட்டம் திருத்தப்பட வேண்டும்.

நான்கு: மாவட்டப் பேரிடர்க் குழுவில் தொழிற்சங்கத்துக்கும் குடியிருப்போருக்கும் இடம் வேண்டும். எந்தப் பள்ளிக்கூடம் துயர் துடைப்பு நிலையம், எந்த வழியாகப் போவது, படகு யாரிடம் என்பது பருவமழைக்கு முன்பே ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்து: ஆதி நாகப்பன் கமிஷனின் சிபாரிசு தூசி தட்டி எடுக்கப்பட்டு, ஊராட்சி மன்றத் தேர்தல் திரும்ப வர வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. லோங்காங்கில் குப்பை கொட்டும் கை நம் கையாகவும் இருக்கிறது. அது நிற்க வேண்டும். ஒவ்வொரு கிளையிலும் இரண்டு பேரை நியமிப்போம். மாநகர் மன்ற ஆபீசுக்குப் போய் வரைவுத் திட்டம் எப்போது வருகிறது என்று கேட்பதும், வந்தால் படித்து நம்மவருக்கு விளக்குவதும், சங்கத்தின் பெயரால் ஆட்சேபம் எழுதிக் கொடுத்துச் சீட்டு வாங்கி வைப்பதும் அவர்கள் வேலை. ஆற்றோரத் தாமான்களில் இருக்கும் அங்கத்தினர், 2021-இல் நீர் நின்ற உயரத்தைச் சுவரில் சிவப்புச் சாயத்தால் கோடிட்டு, தேதியும் எழுதுங்கள். மூன்று வீட்டுச் சுவரில் ஒரே உயரத்தில் நிற்கும் கோட்டை எந்த அதிகாரியும் மறுக்க முடியாது.

கிராணிமார் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய மழைப் புத்தகங்களைப் பழைய காகிதக்காரனுக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தோட்டங்கள் நாள் தவறாமல் எழுதி வைத்த அந்தக் கணக்கு, இந்தப் பள்ளத்தாக்கின் மழைக்குச் சாட்சி. இதுவரை கம்பெனியின் லாப நஷ்டத்துக்குப் பயன்பட்ட அந்தச் சாட்சி, இனித் தொழிலாளியின் வீட்டுக்காகவும் பேசட்டும். இன்று முதல் அதன் ஓரத்தில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: மழை பெய்த அன்று எந்த லயத்தில், எந்த வீட்டில், எவ்வளவு நீர் புகுந்தது என்று எழுதுங்கள்.

1881-இல் எரிந்தும் மூழ்கியும் போன பட்டணத்துக்கு ஒரு விதியும் கொஞ்சம் செங்கல்லும் போதுமாக இருந்தன. இன்றைய பள்ளத்தாக்கிற்கு அதைவிட அதிகம் வேண்டும். ஆனால் தொடக்கம் அதேதான்: நீர் வருமுன், மேசையில் வரைபடம் விரித்திருக்கும்போதே, அங்கே வாழப் போகிறவனையும் கூப்பிட்டு உட்கார வைப்பது. கூப்பிடாவிட்டால், நாமே போய் உட்காருவோம்.